‘சேமிக்கப்பட்டது’ என்று சொன்னது யார்?

அந்த அக்காவிடம் நாங்கள் இன்னும் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால் கதையை அங்கிருந்தே தொடங்குறோம்.

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரு லயக் காம்பராவில் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வாசிகசாலை நடத்துகிறோம். யாரோ கொடுத்த பழைய டெஸ்க்டொப் ஒன்று இருக்கு. யூ.பி.எஸ். கிடையாது. பாடசாலை தொடங்குற நேரம் கொப்பி, சப்பாத்து தேவைப்படுற பிள்ளைகளுடைய பேர், வகுப்பு, சப்பாத்து அளவு எல்லாத்தையும் பதிவதற்கு நாங்களே பைத்தனில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினோம். பட்டனை அமத்தினா விவரமெல்லாம் பென்டிரைவில் விழும், திரையில் பச்சை எழுத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும். எங்களுக்கு அதில் ரொம்பப் பெருமை.

மலையில் கொழுந்து எடுத்துட்டு வந்து, பின்னேரத்தில் வீடு வீடாகப் போய் விவரம் கேட்டு, கொம்பியூட்டரில் ஏத்துனது அந்த அக்காதான். கீபோர்டைத் தொட்டு மூணு மாசம்கூட ஆகல. கடைசிப் பேரையும் போட்டுட்டு பட்டனை அமத்தினாங்க. பச்சை எழுத்து வந்துச்சு. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போச்சு. பென்னைக் கழட்டிப் பத்திரமா எடுத்துட்டுப் போனாங்க. அடுத்த நாள் திறந்து பார்த்தா ஃபைல் இருக்கு, உள்ளே ஒண்ணுமில்ல. பூச்சியம் பைட். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுடைய விவரம் போச்சு.

நாங்க என்ன கேட்டோம்? “அக்கா, பென்னை அப்படியே பிடுங்கிட்டீங்களா? ‘சேஃப்லி ரிமூவ்’ குடுக்கணும்னு சொன்னோமே.” கரண்ட் இல்லாத கொம்பியூட்டரில் எங்கே போய் ‘சேஃப்லி ரிமூவ்’ குடுக்கிறது? அதைக்கூட நாங்க யோசிக்கல. அக்கா ஒண்ணும் சொல்லல. பட்டியலை மறுபடி கையாலே எழுதிக் கொடுத்தாங்க. கொம்பியூட்டர் பக்கம் அதுக்குப் பிறகு வரவே இல்ல.

பிழை அக்காவுடையது இல்லை. முதல் பிழை எங்களுடையது. அதுக்குப் பின்னால் எங்களைவிடப் பெரிய ஆட்களுடைய பிழையும் இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

பட்டனுக்கும் பென்னுக்கும் நடுவில் நாலு கை

நீங்க ‘சேமி’ என்று அமத்தினதும் எழுத்து நேரா பென்னுக்குப் போகுதுன்னுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது நாலு கை மாறிப் போகுது.

முதல் கை, ப்ரோகிராம் தனக்குள்ளேயே வச்சிருக்கிற பஃபர். அது நிரம்பணும், இல்லை ஃபைலை மூடணும், இல்லை ‘தள்ளு’ என்று சொல்லணும். அதுவரை எழுத்து ப்ரோகிராமை விட்டு வெளியிலேயே போகாது.

இரண்டாவது கை கெர்னல். பணிசெயல் முறைமையுடைய நடுப்பகுதி. லினக்ஸில் ப்ரோகிராம் ‘எழுது’ என்று கேட்டதும், கெர்னல் அந்த எழுத்தை ரேமில் இருக்கிற பேஜ் கேஷுக்குக் கொப்பி எடுத்து, ‘அழுக்குப் பக்கம்’ என்று ஒரு குறி போட்டுட்டு, உடனே ‘முடிஞ்சது’ என்று பதில் சொல்லிடும். டிஸ்க்குக்கு அனுப்புறது பிறகுதான். லினக்ஸ் வழக்கமா 5 வினாடிக்கு ஒருமுறை எழும்பிப் பார்க்கும். 30 வினாடிக்கு மேல் பழசான அழுக்குப் பக்கங்களைத்தான் எடுத்து எழுதும்.

மூன்றாவது கை, ஸ்டோரேஜ் டிரைவர். ரேமில் இருக்கிற பஃபருடைய முகவரியை அது டிஸ்க்கைக் கட்டுப்படுத்துற சில்லுக்குக் கொடுக்கும். சில்லு சி.பி.யூ.வைக் கேட்காமலே ரேமிலிருந்து நேரா எடுத்துக்கொள்ளும். இதைத்தான் டி.எம்.ஏ. என்கிறார்கள். வேலை முடிஞ்சதென்று சில்லு சொல்ற வரைக்கும் அந்த பஃபரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் பாதி பழசு, பாதி புதுசு என்று குழம்பிப் போகும். சில்லுக்கு எட்டாத முகவரியில் எழுத்து இருந்தால், எட்டுற இடத்தில் வேறொரு பஃபர் எடுத்து அதில் மறுபடி கொப்பி போடணும். இதெல்லாம் டிரைவருடைய பொறுப்பு.

நான்காவது கை டிஸ்க்கேதான். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் நிறைய எஸ்.எஸ்.டி.க்குள்ளும் தனியா ஒரு சின்ன ரேம் இருக்கு. டிஸ்க்கும் எழுத்தை அந்த ரேமில் வாங்கி வச்சுட்டு ‘முடிஞ்சது’ என்று சொல்லலாம். உள்ளே தட்டில் எழுதுறது அதுக்குப் பிறகு.

நாலு கையும் மேலே இருக்கிறவங்களுக்கு ‘சரி’ என்று சொல்லிட்டாங்க. எழுத்து இன்னும் ரேமில். கரண்ட் போனால் ரேமில் இருக்கிறதெல்லாம் போச்சு.

மலையில் வேலை செய்றவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுசே இல்ல. கொழுந்து நிறுத்ததும் கணக்கப்பிள்ளை தன் கையிலிருக்கிற கொப்பியில் குறிச்சுக்கிட்டு “பதிஞ்சாச்சு, போ” என்பார். அம்மா கூடையைத் தூக்கிட்டு நடப்பாங்க. ஆனா சம்பளம் வர்றது அந்தக் கொப்பியிலிருந்து இல்ல, ஒஃபிஸில் இருக்கிற செக்ரோலிலிருந்து. கொப்பியிலிருந்து செக்ரோலுக்கு ஏறுறதுக்கு நடுவில் இரண்டு கிலோ காணாமப் போனா, முழுப்பேர் அரைப்பேராச்சுன்னா, யார் நட்டம் தாங்குறது? கணக்கப்பிள்ளையா, அம்மாவா? கொம்பியூட்டரும் இதே வேலையைத்தான் பார்க்குது. கொப்பியில் எழுதிட்டு செக்ரோலில் ஏத்திட்டதா சொல்லுது.

பஃபர் வேண்டாம் என்று சொல்லவில்லை

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா வச்சுக்குவோம். பஃபர் இல்லாமல் கொம்பியூட்டர் ஓடாது. ரேமுக்கு ஒரு எழுத்து போக நானோ வினாடிகள் போதும். சுத்துற ஹார்ட் டிஸ்க்கில் சரியான இடத்துக்கு ஊசி போய்ச் சேர பல மில்லி வினாடி வேணும். பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க் வரைக்கும் போய்வந்தா நாம டைப் பண்றதே நொண்டும். எழுத்துகளைச் சேர்த்து வச்சு மொத்தமா எழுதினால் வேகமும் கூடும், பென்னுடைய ஆயுளும் கூடும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடைக்கும் ஒஃபிஸுக்கு ஓடிப் போய் வர முடியாதுதானே.

நாங்க எதிர்க்கிறது, கொப்பியில் மட்டும் எழுதிட்டு ‘செக்ரோலில் ஏறிருச்சு’ என்று சொல்ற வாயை. உண்மையை அறிய வழி இருக்கு. ‘எஃப்சிங்க்’ என்று ஒரு அழைப்பு. ‘இந்த ஃபைலில் இருக்கிற எல்லாத்தையும் டிஸ்க்கில் இறக்கு, இறங்கின பிறகு மட்டும் எனக்குப் பதில் சொல்லு’ என்று அர்த்தம். கேட்டால் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அதைக் கேட்காமலே ‘சேமிக்கப்பட்டது’ என்று போட்டுடுறாங்க. நாங்களும் அதைத்தான் செஞ்சோம்.

பெரிய ஆட்களும் இதைத்தான் செஞ்சாங்க

எங்க ப்ரோகிராம் சின்னப் பிள்ளைகள் எழுதினது, அதனால் பிழைச்சுது என்று நினைக்காதீங்க.

2009 இல் லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற புது ஃபைல் முறைமை பரவத் தொடங்கின நேரம், உபுண்டு பாவிச்ச நிறையப் பேருக்குக் கொம்பியூட்டர் நின்று மறுபடி எழும்பும்போது செட்டிங் ஃபைல்கள் எல்லாம் பூச்சியம் பைட்டாகிக் கிடந்துச்சு. பழைய எக்ஸ்ட்3 சுமார் 5 வினாடிக்கு ஒருமுறை எழுத்தை இறக்கிக்கிட்டிருந்தது. எக்ஸ்ட்4 வேகத்துக்காக அதை இன்னும் தள்ளிப் போட்டது. அதை எழுதினவர்களில் முக்கியமானவர் தியடோர் ட்சோ. போசிக்ஸ் விதிப்படி எக்ஸ்ட்4 சரியாகத்தான் நடக்குது, ப்ரோகிராம் எழுதுறவங்கதான் எஃப்சிங்க் கேட்டிருக்கணும் என்பது அவருடைய வாதம். ஆனால் அவரே பிறகு, இப்படியான ஃபைல்களைச் சீக்கிரம் இறக்குற திருத்தங்களையும் சேர்த்தார். விதி சரியா இருந்தும் ஆட்களுடைய ஃபைல் போகுதென்றால் விதியைத் தாண்டியும் ஏதாவது செய்யணும் என்று ஒத்துக்கொண்ட மாதிரிதான் அது.

எக்ஸ்ட்3 மட்டும் யோக்கியமா? டிஸ்க்குடைய உள் ரேமைக் காலி செய்யச் சொல்ற ‘பேரியர்’ என்ற கட்டளை, எக்ஸ்ட்3 இல் பல வருஷமா இயல்பில் அணைச்சே கிடந்தது. போட்டால் வேகம் குறையும் என்பதுதான் காரணம். அது இயல்பாகவே இயங்கத் தொடங்கினது 2011 இல்.

2018 இல் இன்னும் பெரிய விஷயம் வெளியில் வந்துச்சு. உலகம் முழுக்கப் பாவிக்கிற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒழுங்கா எஃப்சிங்க் கேட்கிற சொஃப்ட்வெயார். ஒருமுறை எஃப்சிங்க் பிழைச்சால், மறுபடி கேட்டுப் பார்க்கும். ஆனால் லினக்ஸ் கெர்னல் என்ன செய்யுது? டிஸ்க்கில் எழுத முடியாமப் போனாலும், பிழையை ஒருமுறை சொல்லிட்டு, அந்தப் பக்கங்களுக்கு ‘சுத்தம்’ என்று குறி போட்டுடும். இரண்டாவது தடவை கேட்டால் ‘எல்லாம் சரி’ என்று பதில் வரும். எழுதாமலே சரி! ஏறத்தாழ 20 வருஷமா இதை யாரும் கவனிக்கல. 2019 பெப்ரவரியில்தான் போஸ்ட்கிரெஸ் மாறுச்சு. இப்போ எஃப்சிங்க் ஒருமுறை பிழைச்சாலே உடனே நின்றுவிட்டு, பதிவேட்டிலிருந்து மறுபடி கட்டி எழும்பும். ஒரு தடவை பொய் சொன்ன வாயை மறுபடி நம்பக்கூடாதுன்னு அதுக்கே புரிஞ்சிருச்சு.

சரி, டிஸ்க்காவது உண்மை சொல்லுமா? 2013 இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தையும் எச்.பி. ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்தவர்கள் 15 எஸ்.எஸ்.டி.களை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்பக் கரண்டை வெட்டிப் பார்த்தாங்க. 13 இல் கோளாறு தெரிஞ்சது.

நம்ம கையிலிருக்கிற பென்னுடைய கதை இன்னும் வேடிக்கை. லினக்ஸ் கொம்பியூட்டரில் ஒரு பென்னைச் செருகிட்டு கெர்னலுடைய பதிவைத் திறந்து பாருங்க. நிறையப் பென்களுக்கு அடுத்தடுத்து இரண்டு வரி வரும். கேஷ் பற்றிய விவரப் பக்கம் கிடைக்கவில்லை என்று ஒன்று. டிரைவின் கேஷ் ‘ரைட் த்ரூ’ என்று வைத்துக்கொள்கிறேன் என்று மற்றொன்று. அதாவது டிரைவர் பென்னைப் பார்த்து ‘நீ எழுத்தை உள்ளே பிடிச்சு வச்சுக்குவியா, உடனே இறக்குவியா?’ என்று கேட்குது. பென் பதில் சொல்லல. டிரைவர் ‘உடனே இறக்கும்’ என்று தானாகவே முடிவு கட்டுது. அதுக்குப் பிறகு ‘கேஷைக் காலி பண்ணு’ என்ற கட்டளையை அனுப்பவே அனுப்பாது. பதில் சொல்லாதவனை நல்லவன் என்று எடுத்துக்கொள்ற நியாயம் இது.

யார் வீட்டுக் கரண்டை வச்சு எடுத்த முடிவு?

30 வினாடி என்பது ஒரு முடிவு. ரேமில் எத்தனை வீதம் அழுக்குப் பக்கம் சேரலாம் என்பதும் ஒரு முடிவு. லினக்ஸில் அது இயல்பா 20 வீதம். 8 ஜி.பி. ரேம் உள்ள கொம்பியூட்டரில் அது 1.6 ஜி.பி. வரை போகலாம். வினாடிக்கு 5 எம்.பி. எழுதுற மலிவான பென் அதை முடிக்க 5 நிமிஷத்துக்கு மேல் எடுக்கும். ‘கொப்பி முடிஞ்சது’ என்று திரை சொன்ன பிறகும் 5 நிமிஷம்! இந்தப் பிரச்சினை 2013 இல் கெர்னல் எழுதுறவங்க மத்தியிலேயே பெரிய விவாதமாச்சு.

இந்த முடிவுகளை எடுத்தவங்க கெட்டவங்க இல்ல. ஆனா அவங்க மேசையில் கரண்ட் நிற்காது. நின்றாலும் லெப்டொப்பில் பட்டரி இருக்கும். அவங்க சர்வர் இருக்கிற கட்டிடத்தில் ஜெனரேட்டர் இருக்கும். விலை கூடிய சர்வர் எஸ்.எஸ்.டி.க்குள் கரண்ட் போனாலும் கடைசி எழுத்தை இறக்கி முடிக்கிற அளவுக்குச் சக்தி தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் இருக்கும். நம்ம கடையில் கிடைக்கிற மலிவு எஸ்.எஸ்.டி.யில் அது இருக்காது. பாதுகாப்பு காசு கொடுத்தவங்களுக்கு. மத்தவங்களுக்கு ‘கவனமா இருங்க’ என்ற அறிவுரை.

விண்டோஸில் டிஸ்க்குடைய செட்டிங்குக்குள் ஒரு பெட்டி இருக்கு. கேஷைக் காலி செய்ற வேலையை நிறுத்துறதுக்கான பெட்டி. டிஸ்க்குக்குத் தனி மின்வழங்கல் இல்லாட்டி இதைத் தெரிவு செய்யாதே என்று அதுக்குக் கீழேயே எழுதியிருக்கு. அதாவது இந்த வேகமெல்லாம் நிற்காத கரண்டை நம்பித்தான் என்று அவங்களுக்கே தெரியும். ‘கொம்பியூட்டரை ஸ்பீடாக்குறது எப்படி’ என்ற வீடியோவைப் பார்த்துட்டு நம்ம பிள்ளைகள் அந்தப் பெட்டியில்தான் டிக் போடுறாங்க.

இப்போ நம்ம ஊரைப் பாருங்க. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கு ஆற்றை மறிச்சது இங்கே தலவாக்கலையில்தான். 2012 இலிருந்து 150 மெகாவாட் மின்நிலையம் ஓடுறது இந்தத் தண்ணியில். சென் கிளயர் நீர்வீழ்ச்சி மெலிஞ்சு போனதை பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். நம்ம தண்ணியில் எடுத்த கரண்ட்தான், ஆனா லயத்தில் பல்ப் எப்போ அணையும்னு யாருக்கும் தெரியாது. 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, நாடே இருண்ட நாட்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதுக்கு முழு இலங்கையும் இருண்டு போச்சு. ஒரு குரங்கு போதும் நாட்டையே அணைக்க என்ற இடத்தில், ‘30 வினாடி கரண்ட் இருக்கும்’ என்று எடுத்துக்கொள்ற சொஃப்ட்வெயார் நமக்காக எழுதினது இல்ல.

“மெனுவலைப் படிச்சிருக்கணும்”

இதுக்கு வழக்கமா வர்ற பதில் எங்களுக்குத் தெரியும். ‘போசிக்ஸில் தெளிவா எழுதியிருக்கு. எழுது என்றால் எழுதிட்டேன் என்று அர்த்தமில்லை. படிக்காதது உங்க பிழை.’

ப்ரோகிராம் எழுதின எங்களுக்கு இந்தப் பதில் பொருந்தும், ஒத்துக்கிறோம். ஆனா அக்காவுக்கு? அவங்க பார்த்தது போசிக்ஸ் இல்ல, ‘சேமிக்கப்பட்டது’ என்ற ஒரு தமிழ்ச் சொல். அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதை நம்புறது அறியாமை இல்ல. சொல்லைச் சொன்னவனுக்குத்தான் பொறுப்பு. செக்ரோலில் பேர் விழலன்னா ‘தோட்டச் சட்டத்தைப் படிச்சிருக்கணும்’ என்று அம்மாவிடம் சொன்னால் நாம சும்மா இருப்போமா?

அடுத்த பதில், ‘சேஃப்லி ரிமூவ் இருக்குதானே’. இருக்கு. நாங்களும் பாவிக்கிறோம், நீங்களும் பாவியுங்க. அது கரண்ட் இருக்கும்போது மட்டும் உதவுற கதவு. விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து பென் மாதிரிக் கழட்டுற டிரைவ்களுக்கு ‘வேகமா எழுது’ என்பதை விட்டுட்டு ‘உடனே கழட்டலாம்’ என்பதை மைக்ரோசொஃப்ட் இயல்பாக்கினது. ஆட்கள் பென்னைப் பிடுங்கத்தான் போறாங்க, கொஞ்சம் மெதுவா எழுதினாலும் பரவாயில்ல என்று ஒரு பெரிய கம்பனியே முடிவெடுக்க முடியுமென்றால், இது இயற்கையின் விதி இல்ல, மாற்றக்கூடிய முடிவுதான் என்று அர்த்தம்.

நம்ம வகுப்பறைகளிலும் எங்களுக்கு ஒரு கோபம் இருக்கு. ஐ.சி.டி. பாடத்தில் பணிசெயல் முறைமை என்று ஒரு அலகு இருக்கு. தொழில்கள் ஐந்து எழுதுக, வரைவிலக்கணம் எழுதுக என்று மனப்பாடம் பண்ணி வாந்தி எடுத்து ‘ஏ’ எடுத்திருக்கோம். கரண்ட் போனால் எழுதின ஃபைல் எங்கே போகுது என்று ஒரு நாளும் கேட்கல, யாரும் சொல்லவுமில்ல. பென்னைக் கழட்டுறதை ஒரு நல்லொழுக்கம் மாதிரிச் சொல்லிக்கொடுத்தாங்க, செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வா என்கிற மாதிரி. ஏன் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் நாங்க அந்த ப்ரோகிராமை அப்படி எழுதியிருக்க மாட்டோம்.

நாங்க மாத்தினது

பழைய ப்ரோகிராம் ஒவ்வொரு தடவையும் இருக்கிற ஃபைலை வெறுமையாக்கிட்டு முதலிலிருந்து எழுதிச்சு. நடுவில் கரண்ட் போனால் பழசும் இல்ல, புதுசும் இல்ல. இப்போ பழைய ஃபைலைத் தொடுறதே இல்ல. பக்கத்தில் புதுப் பேரில் ஒரு ஃபைல் எழுதுறோம். ப்ரோகிராமின் பஃபரைக் காலி பண்றோம். எஃப்சிங்க் கேட்கிறோம். அது பிழை என்று சொன்னால் மறைக்காமல் சிவப்பு எழுத்தில் காட்டுறோம். சரி என்று வந்த பிறகுதான் புது ஃபைலுக்குப் பழைய பேரை வைக்கிறோம். பேர் மாத்தினது பதிஞ்சதா என்று அந்த ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சிங்க். இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் ‘சேமிக்கப்பட்டது’. அதுவரைக்கும் திரையில் ‘எழுதிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுங்க’ என்று நிற்கும். மொத்தம் ஏழெட்டு வரி. நேரம் ஒரு வினாடி, இரண்டு வினாடி கூடும். பொய் சொல்ற பென்னுக்கு இதுவும் முழு மருந்து இல்ல. அதனால் நாளாந்தம் இன்னொரு பென்னிலும் ஒரு கொப்பி, பேர்ப்பட்டியலைக் கடதாசியிலும் ஒரு கொப்பி.

சொஃப்ட்வெயார் படிக்கிற, எழுதுற தம்பி தங்கச்சிமார் நிறையப் பேர் இதை வாசிக்கிறீங்க. நாளைக்கு நீங்க கொழும்பில் வேலை செய்வீங்க, பெங்களூருக்கும் டொரொண்டோவுக்கும் போவீங்க. அங்கே கரண்ட் நிற்கிறது குறைவா இருக்கலாம். ‘முடிஞ்சது’ என்று திரையில் போடுற ஒரு வரியை எழுதும்போது, அதை வாசிக்கிற இடத்தில் பல்ப் மினுங்கிக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் நினைச்சுப் பாருங்க. எழுதி முடிக்காமல் முடிஞ்சது என்று போடாதீங்க.

அக்கா, நீங்க பென்னைப் பிடுங்கினதால அந்த ஃபைல் போகல. நாங்க பொய் சொன்னதால போச்சு. பிழை எங்களுடையது, மன்னிச்சுக்கோங்க. ப்ரோகிராமைத் திருத்திட்டோம். உங்க கதிரை அங்கேயேதான் இருக்கு.